வராதவருக்குப் பிடித்த இடம்

பச்சை எழுத்துகள் ஓடிக்கொண்டிருந்த திரையில் திடீரென்று ஒரு வரி வந்து நின்றது. 'மெமரி ஃபால்ட்' என்று ஆங்கிலத்தில். அதற்கப்புறம் எந்த விசையைத் தட்டினாலும் எங்கள் புரோகிராம் பதில் சொல்லவில்லை.

எதிரே நீண்ட வரிசை. பல்லாவரத்திலிருந்தும் குரோம்பேட்டையிலிருந்தும் குடும்பம் குடும்பமாக வந்திருந்தார்கள். குழந்தைகள் கையில் குச்சி ஐஸ். கூடத்தில் ஃபினைல் வாசனையும் வாடிய மல்லிகை வாசனையும் கலந்து கிடந்தன. ஜன்னலில் மாட்டிய ஏ.சி. பெருமூச்சு விட்டதே தவிர, குளிரை மட்டும் காணோம்.

என் நாற்காலிக்குப் பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்க்காமலே தெரியும், எங்கள் நிலையத் தலைவர் பெரிய சார்தான்.

"என்ன மிஸ் கிரேஸ், மறுபடியுமா?"

அன்றைக்கு அது இரண்டாவது தடவை. மத்தியானம் ஒரு தரம் விழுந்தது. எழுப்பி உட்கார வைத்தோம். மூடும் நேரம் நெருங்கும்போது மறுபடியும் விழுந்துவிட்டது.

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால்கூடத் தேவலை. வரிசைக்குக் கேட்காத குரலில் சொன்னார்: "நாளைக்கு சாயங்காலம் வரைக்கும் இது விழாம நிக்கணும். நின்னா நீங்க ரெண்டு பேரும் மெஷின் ரூம்லயே இருக்கலாம். விழுந்தா திங்கட்கிழமையிலிருந்து நீயும் ராஜியும் பஞ்ச் ரூமுக்கே போயிடுங்க. புரோகிராமை வெளியில வாங்கிக்கலாம்."

நான் தலையாட்டினேன். பக்கத்தில் நின்ற ராஜிக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்குக் கோபம்தான் வந்தது.

எங்கள் வேலை என்னவென்றால்

எழுபதுகளின் கடைசி. கிண்டிப் பக்கம் ஓர் ஆராய்ச்சி நிலையம். பெயர் வேண்டாம். அங்கே இரண்டு பீரோக்களைச் சேர்த்து வைத்த அளவில் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. வருஷத்துக்கு ஒரு முறை பொதுமக்களை உள்ளே விட்டு, 'இதோ பாருங்கள், நாங்கள் சும்மா இல்லை' என்று காட்டுவார்கள். அந்த வருஷக் கண்காட்சி வெள்ளியும் சனியும்.

நாங்கள் காட்டியது கிணறுகளை. சைதாப்பேட்டையிலிருந்து வண்டலூர் வரை, அந்தப் பக்கம் கடலோரமாகக் கோவளம் வரை, எந்த இடத்தில் எத்தனை அடியில் தண்ணீர், அது நல்ல தண்ணீரா உப்பா என்று எங்கள் நிலையம் அளந்து வைத்திருந்தது. இடத்தின் பெயரைத் தட்டினால் அங்கே உள்ள கிணறுகள் எல்லாம் திரையில் வரிசையாக வரும். அந்தக் காலத்தில் தாம்பரம் பக்கம் இரண்டு பேர் சந்தித்தால் முதல் பேச்சே தண்ணீர்தான். ஆகவே கூட்டத்துக்குக் குறைவில்லை.

அதை எழுதியது நானும் ராஜியும். நான் இரும்புலியூர், எம்.எஸ்ஸி. கணக்கு. ராஜி குரோம்பேட்டை, அவளும் கணக்குதான். இரண்டு பேரையும் வேலைக்கு எடுத்தபோது உட்கார வைத்த இடம் பஞ்ச் ரூம். யாரோ எழுதிய புரோகிராமை அட்டைகளில் ஓட்டை ஓட்டையாகக் குத்தித் தருவது. நாள் முழுக்க தடதடவென்று ஒரே சத்தம். வீட்டுக்கு வந்த பிறகும் காதுக்குள் அது நிற்காது.

அந்த வேலையை நான் மட்டமாகச் சொல்லவில்லை. அங்கே இருந்த பெண்களின் விரல் வேகம் எனக்கு இந்த ஜன்மத்தில் வராது. ஆனால் அடுத்தவர் யோசித்ததைக் குத்திக் கொடுத்தே காலம் தள்ள நான் எம்.எஸ்ஸி. படிக்கவில்லை. பெரிய சாருக்கோ ஒரு சித்தாந்தம். "லேடீஸுக்குப் பொறுமை ஜாஸ்தி, பஞ்ச் ரூம்தான் பொருத்தம்" என்பார். பொறுமை! என் அம்மாவிடம் கேட்டிருந்தால் என் பொறுமையைப் பற்றி விலாவாரியாகச் சொல்லியிருப்பாள்.

கேட்டு வாங்கு, திருப்பிக் கொடு

சண்டை போட்டுத்தான் மெஷின் ரூமுக்குள் நுழைந்தோம். அதற்குள் போனதும் இன்னொரு சண்டை. கிணறு புரோகிராமை 'சி' மொழியில் எழுதுகிறேன் என்றேன். அப்போது அது புதுசு. வெளிநாடு போய் வந்த ஒருவர் கொண்டுவந்த விளக்கப் புத்தகத்தைப் பிரதி எடுத்து வைத்திருந்தோம். கை பட்டுப் பட்டு ஓரமெல்லாம் கருத்துப் போன தாள்கள்.

மற்றவர்கள் எழுதிய பழைய மொழியில் எல்லாவற்றுக்கும் முன்கூட்டியே இடம் ஒதுக்க வேண்டும். ஒரு ஊரில் மூன்றே கிணறு இருக்கும், இன்னொரு ஊரில் தெருவுக்குத் தெரு இருக்கும். பெரிய ஊருக்குத் தகுந்தபடி எல்லா ஊருக்கும் இடம் ஒதுக்கினால் எங்கள் மெஷினின் மெமரி போதாது. இன்றைக்கு உங்கள் சட்டைப் பையில் இருக்கும் போனில் ஒரே ஒரு போட்டோ அடைக்கும் இடம்கூட அதில் கிடையாது.

'சி'யில் அப்படியில்லை. வேலை நடக்கும்போதே, 'எனக்கு இவ்வளவு இடம் வேண்டும்' என்று கேட்டு வாங்கலாம். அதற்குப் பெயர் மாலாக். வேலை முடிந்ததும் 'இந்தா, எடுத்துக்கொள்' என்று திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். அதற்குப் பெயர் ஃப்ரீ. திருப்பிக் கொடுத்த இடத்தை அடுத்த வேலைக்கு வாங்கிக்கொள்ளலாம். சின்ன மெஷினை வைத்துப் பெரிய குடித்தனம் நடத்துகிற வழி அது.

பெரிய சாருக்குப் பிடிக்கவில்லை. "கேக்கறது, வாங்கறது, திருப்பறது... எதுக்கு இந்த வம்பு? ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆனா யார் பொறுப்பு?"

"நான் பொறுப்பு சார்" என்றேன். வாய்க்கொழுப்புதான். ஆனால் அப்படிச் சொன்னதற்காக இன்றுவரை நான் வருத்தப்பட்டதில்லை.

புரோகிராம் ஓடியது. வாரக்கணக்கில் தட்டிப் பார்த்தோம். இரும்புலியூர், சேலையூர், பல்லாவரம், கோவளம் என்று எதைக் கேட்டாலும் டக்கென்று பதில் வந்தது. கண்காட்சிக்கு முந்தின நாள் பெரிய சாரே வந்து வண்டலூரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "ம்" என்றார். அவரிடம் அது பாராட்டு.

அப்படிப்பட்ட புரோகிராம்தான் ஜனங்கள் முன்னால் விழுந்தது. ஆளாளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள். ஏ.சி. சரியில்லை, வோல்டேஜ் குறைவு, கூட்டத்தின் சூடு. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். கோணல் கூடத்தில் இல்லை, எங்கள் எழுத்தில்தான் இருக்கிறது என்று எனக்கு உள்ளுக்குள் தெரிந்தது. ஆனால் எங்கே?

சொந்த ஊர் வியாதி

அந்த வெள்ளிக்கிழமையைக் கொஞ்சம் திரும்பிப் பார்க்கிறேன். வந்தவர்களுக்கு விசைப்பலகை பழக்கமில்லை. அவர்கள் ஊரைச் சொல்வார்கள், நான் தட்டுவேன். ஒரு பெரியவர், ரயில்வேயில் ஓய்வு பெற்றவர், மடிப்புக் கலையாத வேட்டியோடு வந்து நின்றார்.

"வீடு எங்க சார்?"

"பல்லாவரம்."

"பல்லாவரம்னு அடிக்கட்டுமா?"

"அது எதுக்கும்மா? பல்லாவரத்துல தண்ணி இல்லேன்னு எனக்கே தெரியும், அதச் சொல்ல மெஷின் வேணுமா? பரமக்குடிக்குக் கிழக்க எங்க ஊரு. அத அடிங்க. மெஷினுக்குத் தெரியுதா பாப்போம்."

தட்டினேன். 'இல்லை' என்று திரை சொன்னது. அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம். "தெரியலையா! அப்ப இன்னும் படிக்கணும்னு சொல்லுங்க" என்று சிரித்துக்கொண்டே போனார்.

அவர் மட்டுமா? வரிசையில் நின்றவர்களில் பாதிக்கு மேல் இதே கதை. இருபது, முப்பது வருஷமாகத் தாம்பரத்தில் குடியிருப்பார்கள். வீடு கட்டி, பிள்ளைகளுக்குக் கல்யாணமும் முடித்திருப்பார்கள். ஆனால் மெஷின் முன்னால் வந்து நின்றதும் அவர்கள் வாயில் வருவது உடன்குடி, உசிலம்பட்டி, மன்னார்குடிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். பிழைக்க வந்த இடத்தின் தண்ணீரைப் பற்றி அவர்களுக்குத் தெரிந்துகொள்ள எதுவுமில்லை. தங்கள் ஊர்ப் பெயர் அந்தப் பச்சை எழுத்தில் ஒரு தடவை தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

எனக்கு அது வேடிக்கையாக இருந்தது. விழுந்ததற்கும் இதற்கும் சம்பந்தம் இருக்கும் என்று அப்போது தோன்றவே இல்லை.

கர்ச்சீப்

மறுநாள் சனிக்கிழமை காலை. "ஜெபம் பண்ணிட்டுப் போ" என்று அம்மா நிறுத்தி வைத்துச் செய்த ஜெபத்தில், கம்ப்யூட்டருக்கும் ஒரு வரி இருந்தது. தாம்பரம் ஸ்டேஷனுக்கு ஓட்டமும் நடையுமாக வந்தேன்.

மின்சார ரயிலில் போய் வந்தவர்களுக்கு இந்தச் சட்டம் தெரியும். வண்டி தாம்பரத்தில்தான் கிளம்பும், ஆகவே அங்கே ஏறுகிறவர்களுக்கு இடம் உண்டு. வழியில் ஏறுகிற சிநேகிதிக்காகப் பக்கத்து சீட்டில் கர்ச்சீப் போட்டு வைக்க வேண்டும். ஆண்கள் பெட்டியில் துண்டு, பெண்கள் பெட்டியில் கர்ச்சீப். அதை எடுத்துவிட்டு உட்கார யாருக்கும் துணிச்சல் வராது. தினமும் ராஜிக்காக நான் போடுவேன். அவள் குரோம்பேட்டையில் ஏறி கர்ச்சீப்பை என்னிடம் கொடுத்துவிட்டு உட்காருவாள். கிண்டியில் இறங்கும்போது இரண்டு இடமும் காலியாகும், நின்றுகொண்டிருப்பவர்கள் உட்காருவார்கள்.

அன்றைக்கும் போட்டேன். குரோம்பேட்டை வந்தது. பிளாட்பாரத்தில் ராஜி இல்லை. பயத்தில் முந்தின வண்டிக்கே போய்விட்டாள் என்பது எனக்குத் தெரியாது. நான் ஜன்னல் பக்கம் பார்த்தபடி, விழுந்த புரோகிராமையே வரி வரியாக மனதில் ஓட்டிக்கொண்டிருந்தேன். பல்லாவரம் போனது. கூட்டம் நெருக்கியது.

குரோம்பேட்டையில் ஏறிய ஒரு பூக்காரம்மா கூடையோடு என் எதிரே நின்றிருந்தார். பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு ஆரம்பித்தார்.

"யம்மா, இந்த எடம் யாருக்கு?"

"ஃப்ரெண்டு வருவாங்க."

"எங்கே வருவாங்கோ?"

"குரோம்பேட்டைல..."

"குரோம்பேட்டை பூட்ச்சு, மீனம்பாக்கமே வந்துட்ச்சு! வராதவங்களுக்கு இன்னாத்துக்கு எடம் புட்ச்சு வெச்சிகினு கீறே? கர்ச்சீப்பை எடும்மா, காலு கடுக்குது."

பெட்டி முழுக்கச் சிரித்தது. நான் வெட்கத்தோடு கர்ச்சீப்பை எடுத்தேன். எடுத்த கை அப்படியே நின்றுவிட்டது.

ராஜி வருகிற நாளில் எல்லாம் ஒழுங்காக நடக்கிறது. வருகிறாள், உட்காருகிறாள், இறங்குகிறாள், இடம் காலியாகிறது. அவள் வராத நாளில்தான் இடத்தை யாரும் விடுவிப்பதில்லை.

எங்கள் புரோகிராமும் அதைத்தான் செய்துகொண்டிருந்தது. ஒருவர் ஊர்ப் பெயரைக் கேட்டதும், அதை வைத்துக்கொள்ள மாலாக்கிடம் கொஞ்சம் இடம் வாங்கும். ஊர் பட்டியலில் இருந்தால், கிணறுகளைக் காட்டிவிட்டுக் கடைசி வரியில் இடத்தைத் திருப்பிக் கொடுக்கும். ஊர் பட்டியலில் இல்லாவிட்டால்? 'இல்லை' என்று சொல்லிவிட்டு அங்கிருந்தே அடுத்த கேள்விக்குத் தாவிவிடும். திருப்பிக் கொடுக்கும் வரி வரைக்கும் போகவே போகாது.

நாங்கள் தட்டிப் பார்த்ததெல்லாம் பட்டியலில் இருக்கும் ஊர்களை. இல்லாத ஊரை யார் கேட்கப் போகிறார்கள் என்ற நினைப்பு. வந்த ஜனங்களோ இல்லாத ஊரையே கேட்டார்கள். பரமக்குடிக்கும் உடன்குடிக்கும் ஒவ்வொரு கர்ச்சீப்பாக விழுந்து விழுந்து, மத்தியானத்துக்குள் மெமரியில் உட்கார இடமே இல்லாமல் போயிற்று. அடுத்தவர் இடம் கேட்டதும் புரோகிராம் விழுந்தது.

அந்தப் பூக்காரம்மாவிடம் கிண்டி வருவதற்குள் இரண்டு முழம் பூ வாங்கினேன். ஏன் இவள் இப்படிச் சிரிக்கிறாள் என்று அவர் என்னை ஒரு மாதிரியாகத்தான் பார்த்தார்.

விழ வைத்துக் காட்டட்டுமா?

ராஜி வாசலிலேயே நின்றிருந்தாள். பூவை அவள் தலையில் வைத்துக்கொண்டே சொன்னேன். அவள் வாய் பிளந்தாள். அந்தத் தாவும் வரியை எழுதியது யார் என்று அப்போதே எங்களுக்குள் சண்டை ஆரம்பித்தது. இத்தனை வருஷம் ஆகியும் தீரவில்லை. போன மாதம்கூட போனில் போட்டோம்.

பெரிய சார் சம்மதிக்கவில்லை.

"கதவு திறக்கற நேரத்துல கை வைக்கப் போறியா? சும்மா கிடக்கற சங்கை ஊதிக் கெடுக்காதே. நேத்து மத்தியானம் வரைக்குமாவது ஓடிச்சு."

"இன்னைக்கும் மத்தியானம் வரைக்கும்தான் ஓடும் சார்."

"அது எப்படி அவ்வளவு நிச்சயமா சொல்றே?"

"இப்பவே விழ வெச்சுக் காட்டட்டுமா?"

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். புரோகிராம் நிற்கும் என்று சத்தியம் செய்தவர்களைத்தான் அவர் பார்த்திருப்பார். விழும் என்று அடித்துச் சொன்னவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

"உங்க சொந்த ஊர் எது சார்?"

"எதுக்கு?"

"சொல்லுங்களேன்."

"திருவிடைமருதூருக்குப் பக்கத்துல..." என்று ஒரு கிராமத்தின் பெயரைச் சொன்னார். சொல்லும்போதே குரல் கொஞ்சம் இளகியது. மனிதருக்கும் அந்த வியாதி இருந்தது.

அந்த ஒரு பெயரையே திரும்பத் திரும்பக் கேட்கும்படி மெஷினுக்குக் கொடுத்தேன். 'இல்லை', 'இல்லை', 'இல்லை' என்று திரையில் மேலே ஏறிக்கொண்டே போனது. ராஜி என் தோளைப் பிடித்துக்கொண்டாள். ஏறிக்கொண்டிருந்த வரிகள் சட்டென்று நின்றன. மெமரி ஃபால்ட்.

"எங்க ஊர் பேரைக் கேட்டா விழுதா?" என்றார் பெரிய சார்.

"யார் ஊரைக் கேட்டாலும் விழும் சார். பட்டியல்ல இல்லாத ஊரா இருந்தா போதும்."

பிறகு நான் சேர்த்தது ஒரே ஒரு வரி. ஃப்ரீ என்ற சொல், அடைப்புக்குள் அந்த இடத்தின் பெயர், கடைசியில் ஓர் அரைப்புள்ளி. 'இல்லை' என்று சொல்கிற இடத்திலேயே அதை வைத்தேன். மெஷின் அதை மென்று விழுங்கும் வரைக்கும் மூன்று பேரும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தோம். வெளியே ஜனங்களின் சத்தம் கேட்க ஆரம்பித்திருந்தது.

மறுபடியும் பெரிய சாரின் ஊர். 'இல்லை', 'இல்லை', 'இல்லை'. முன்பு விழுந்த கட்டத்தைத் தாண்டிப் போனது. அதற்கு மேலும் போனது. நாங்களாகத்தான் நிறுத்த வேண்டியிருந்தது. பெரிய சார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "கதவைத் திறக்கச் சொல்லுங்க" என்றார்.

கடைசி ஆள்

அன்றைக்கு வந்த கூட்டம் முந்தின நாளைப்போல் இரண்டு மடங்கு இருக்கும். எந்தெந்த ஊரோ கேட்டார்கள். காரைக்குடி, களக்காடு, ஒருவர் ரங்கூன்கூடக் கேட்டார். மெஷின் சளைக்காமல் 'இல்லை' சொன்னது. மத்தியானம் வந்தது. முந்தின நாள் விழுந்த நேரம் கடந்தபோது ராஜி மேஜைக்கடியில் என் கையைப் பிடித்து நசுக்கினாள். வளையல் உடைந்தது. மெஷின் உடையவில்லை.

மூடும் நேரத்தில் வரிசையின் கடைசி ஆளாக வந்து நின்றவர் என் அப்பா.

வருவதாக அவர் சொல்லவே இல்லை. பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். நானும் டீச்சராக வேண்டும் என்பது அவர் ஆசை. 'மெஷினோட என்னத்த மல்லுக்கட்டுறா' என்று அம்மாவிடம் அலுத்துக்கொள்வாரே தவிர, என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. திருநெல்வேலிக்குத் தெற்கே, செம்மணல் மேடான தேரிக்காட்டு ஓரத்தில் அவர் ஊர். சாப்பாட்டில் உப்புக் கூடினாலும் குறைந்தாலும் அந்த ஊரை இழுக்காமல் அவருக்குச் சாப்பாடு இறங்காது. இரும்புலியூரை அவர் ஒரு நாளும் 'நம்ம ஊர்' என்று சொன்னதில்லை.

"என்ன ஊர் அடிக்கட்டும்பா?" என்றேன். பதில் தெரிந்த கேள்வி. விரல் அந்தத் தேரிக்காட்டு ஊரின் முதல் எழுத்துக்குப் போய்விட்டது.

அப்பா திரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"இரும்புலியூர்னு அடி."

வரிசையில் இவ்வளவு நேரம் நின்று, மெஷின் எதற்கெல்லாம் 'இல்லை' சொல்கிறது என்று பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார். தன் மகளின் மெஷின் தன் கேள்விக்கு 'இல்லை' என்று சொல்லிவிடக் கூடாதென்று நினைத்திருக்கிறார்.

தட்டினேன். கிணறுகள் வரிசையாக வந்தன. எங்கள் தெருவும் அதில் இருந்தது. அப்பா குனிந்து, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்குத் தள்ளிவிட்டு, ஒவ்வொரு வரியாகப் படித்தார். பள்ளிக்கூடத்துப் பரீட்சைத் தாளைப் படிக்கிறாற்போலப் படித்தார். அப்புறம் நிமிர்ந்து, பக்கத்தில் நின்றவரிடம், அவர் யாரென்று தெரியாமலே, சத்தமாகச் சொன்னார்:

"இது என் மவ எழுதினது சார்."

பக்கத்தில் நின்றவர் பெரிய சார்.

"தெரியும் சார்" என்றார் அவர். "திங்கட்கிழமையிலேர்ந்து அடுத்ததையும் அவங்க ரெண்டு பேரும்தான் எழுதப் போறாங்க."

பீற்றிக்கொள்கிறாள் என்று நீங்கள் நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். அதற்கப்புறம் நான் எவ்வளவோ பெரிய மெஷின்களில் எவ்வளவோ எழுதிவிட்டேன். ஆனால் அந்தச் சாயங்காலத்தைப் போல் இன்னொன்று எனக்கு வாய்க்கவில்லை. மணி அடித்தார்கள். விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்தார்கள். அப்பா வாசலில் காத்திருந்தார். நான் மெஷின் முன்னால் உட்கார்ந்து புரோகிராமை நிறுத்தினேன். அது விழவில்லை, நான்தான் நிறுத்தினேன்.